மஞ்சள் அட்வான்ஸ்டு கோர்ஸில் வரும்

எங்கள் பெரம்பலூரில் ஒருத்தி கார்ப்பெட் கழுவுவதற்குப் பயிற்சிக்குப் போகிறாள் என்றால் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும், அறிவுரை ஆரம்பித்துவிடும். என் அப்பா ராசாங்கம் மட்டும் சிரிக்கவும் இல்லை, ஃபீஸைக் கேட்கவும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"கூட்டிப் பெருக்குறத வுட்டு வெளிய வரத்தான் நாம இம்புட்டுப் பாடுபட்டோம். நீ காசு கட்டி உள்ள போறேங்கற, பாப்பா."

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சண்டை நன்றாக வரும். எதிரில் இருப்பவர் கை கழுவிவிட்டு எழுந்து போனால்தான் என்ன செய்வதென்று தெரியாது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அவருடைய அம்மா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆபீசர் குடியிருப்பில் வீடு வீடாகத் துடைத்தவர். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டினார். இப்போது சொந்தமாக ஒரு குட்டியானை மினி லாரி வைத்து லோடு அடிக்கிறார். டிப்பர் ஓட்டிய காலம் முழுக்க அந்தக் குடியிருப்பின் கேட்டைத் தாண்டி அவர் உள்ளே போனதில்லை. லோடு இறக்கக் கூப்பிட்டாலும் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

எனக்கு இந்த யோசனை வந்த இடம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே ஆபீசில் புக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். மணமேடைக்குப் போகும் வழியில் சிவப்புக் கார்ப்பெட் ஒன்று விரிப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் சுருட்டி மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் போட்டு இரண்டு பேர் கம்பால் அடிப்பார்கள். அன்றைக்கு வரும் தூசியைப் பார்த்தால், ஊரில் நடந்த அத்தனை கல்யாணமும் அதற்குள்தான் இருக்கிறது என்று தோன்றும். ஏன் சிவப்பிலேயே வாங்குகிறார்கள் என்பதும் எனக்கு அங்கேதான் புரிந்தது. சிவப்பில் எதுவும் தெரியாது.

அந்த மண்டபத்தில் தன் தங்கை கல்யாணத்துக்கு இடம் பார்க்க வந்தார் மஞ்சு மேடம். அதே சிமெண்ட் ஆலைக் குடியிருப்புக்குள் இருக்கும் கெஸ்ட் ஹவுஸின் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. பேச்சுவாக்கில், கெஸ்ட் ஹவுஸ் கார்ப்பெட்டைத் திருச்சிக்கு அனுப்பிக் கழுவுவது பெரிய தலைவலி என்றார். பக்கத்திலேயே முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள் இருந்தால் ஒரு கார்ப்பெட்டை மட்டும் கொடுத்துப் பார்ப்பேன், சரியாக இருந்தால் எல்லாவற்றையும் மாதாமாதம் கொடுப்பேன் என்றார். பயிற்சி என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் மண்டபத்திலேயே முடிவு செய்துவிட்டேன். அந்தக் கேட்டுக்குள் நான் போக வேண்டும். பெருக்குகிறவளாக இல்லை, தொழில் தெரிந்தவளாக. அதை அப்பா பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு என்னை நினைத்து வெட்கப்படாமல் இருக்க வேண்டும். காசு வந்தால் சந்தோஷம்தான், ஆனால் எனக்கு முக்கியம் அப்பாதான்.

முதல் பயிற்சி இலவசமாகவே கிடைத்தது. என் கணவர் முத்தமிழ்செல்வன் குவைத்தில் ஒரு ஓட்டலில் கார்ப்பெட் கழுவுகிற வேலையில்தான் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே கற்றுக்கொடுக்கிறேன் என்று உற்சாகமாகிவிட்டார். வீடியோ காலில் ஒரு பெரிய அறையைக் காட்டினார். கேமரா பெரும்பாலும் அவர் முகத்தையும் உத்தரத்தையும் காட்டியது. நடுவில் அவருடைய சூப்பர்வைசர் வந்துவிட்டால் பாடம் நின்றுவிடும். நான் வெளியில் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்றதும், கட்டியவன் சொல்லித்தருவதில் என்ன குறை என்று கேட்டு, போனை எடுக்காமல் இருந்தார். அவரைச் சமாதானப்படுத்துவது தனிப் பயிற்சி.

இரண்டாவது திருச்சியில். வேணுகோபால் என்பவர் கார்ப்பெட் கழுவும் மெஷின் விற்கிறார். மெஷின் வாங்கினால் பயிற்சி இலவசம் என்று கடைக்கு வெளியே எழுதியே வைத்திருந்தார். போனேன். காபி கொடுத்தார். இதில் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், இதில் அழுக்குத் தண்ணீர் வரும், இது சுவிட்ச் என்றார். மீதியை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். பயிற்சி முடிந்துவிட்டது என்றார். காபி அதைவிட நீளமாக இருந்தது.

மூன்றாவது சென்னையில், அம்பத்தூரில் ஒரு ஷெட்டுக்குள் நடக்கும் அடிப்படைக் கோர்ஸ். ஃபீஸ் உண்டு, தங்கும் செலவு நம்முடையது, முடித்தால் சான்றிதழ். திருச்சியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸைப் பாடாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். டீ ஆறுவதற்குள் சென்னைக்குப் பணம் கட்டிவிட்டேன். மெஷின் தெரிந்தவர் மெஷினைச் சொல்வார். கட்டியவர் தன்னைச் சொல்வார். கார்ப்பெட்டைச் சொல்வதற்கும் ஒருத்தர் வேண்டும் என்று பட்டது.

சென்னையில் சொல்லிக்கொடுத்தவர் பிரேம்குமார். குரலே உயராத மனிதர். முதல் நாள் முழுக்கத் தண்ணீரைத் தொடவிடவில்லை. அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த தூசி, அதை வாக்குவம் போட்டு எடுக்காமல் தண்ணீர் ஊற்றுகிறவன் சேற்றைத்தான் தயாரிக்கிறான் என்றார். யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். சோப்பு காரம், கழுவி முடித்ததும் கடைசியில் புளிப்பு மருந்து ஒன்றைத் தெளித்தால்தான் அந்தக் காரம் அடங்கும் என்றார். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. வீடு துடைக்கிற கைக்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருக்க முடியும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

கறைகளுக்குச் சுவரில் ஒரு பெரிய சார்ட் தொங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த சார்ட். ரெட் ஒயின், கெட்சப், கடுகு சாஸ், நாய் மூத்திரம். ரெட் ஒயினுக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. வகுப்பில் இருந்த எவரும் அதைக் குடித்ததில்லை, சிந்தியதும் இல்லை. மஞ்சள் கறைக்கு என்ன செய்வது சார் என்று கேட்டேன். அவர் சார்ட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மஞ்சள் அட்வான்ஸ்டு கோர்ஸ்ல வருதுங்க."

அதற்குத் தனி ஃபீஸ். ஆபீசர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸில் மஞ்சளுக்கு என்ன வேலை என்று நினைத்து, அடிப்படையோடு நிறுத்திக்கொண்டேன். சான்றிதழில் வெற்றிச்செல்வி என்று என் பெயரைத் தப்பில்லாமல் போட்டிருந்தார்கள். ஊருக்கு வந்ததும் லேமினேட் செய்தேன்.

மெஷினை வேணுகோபாலிடமே வாங்கினேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் பயிற்சியை இன்னொரு முறை கொடுத்து, காபியும் கொடுத்தார். மெஷின் வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை அம்மா ரெங்கம்மாள் கற்பூரத்தட்டோடு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே அப்பா வந்தார். நான் சென்னைக்குப் போய் வந்ததிலிருந்து என்னிடம் சோறு போடு, கதவைச் சாத்து என்பதைத் தவிர எதுவும் பேசாதவர் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் கிண்ணம் நிறைய மஞ்சள் குழைத்து எடுத்து வந்திருந்தார்.

டிப்பர் ஓட்டிய காலத்தில் வண்டிக்குப் பூஜை போடுவது அவர் வேலை. மற்ற டிரைவர்கள்கூடப் புது வண்டி எடுத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். கீழே குத்தவைத்து உட்கார்ந்து நான்கு சக்கரத்திலும் மஞ்சளை வழித்துப் பூசினார். அதன்மேல் குங்குமம் வைத்தார். மெஷின் உடம்பில் விபூதியால் மூன்று பட்டை இழுத்து, அங்கேயும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து மெஷினை அவரே தள்ளி நசுக்கினார். சக்கரம் என்னவோ என் உள்ளங்கை அளவுதான். மஞ்சள் டிப்பருக்கு உரிய அளவு.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றாலும், பிடிக்காத தொழிலின் மெஷினுக்கு அவ்வளவு மஞ்சளை எந்த மனிதன் பூசுவான்? வாடகை வண்டிக்காரன் இறக்கும்போது எங்கேயாவது இடித்துவிடுவான், அரியலூருக்குத் தானே ஏற்றிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். ஆனால் கேட்டோடு சரி, உள்ளே வரமாட்டேன் என்றார். சரி என்றேன்.

மஞ்சு மேடம் முதல் கார்ப்பெட்டைக் கழுவ வரச்சொன்ன நாளில், அப்பா சொன்னபடியே கேட்டுக்கு வெளியே ஒரு புங்கமர நிழலில் வண்டியை நிறுத்தினார். மெஷினை இறக்கி வைத்துவிட்டு மறுபடி ஸ்டியரிங்கின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். காவலாளி என்னைப் பார்த்து எங்கே என்று கேட்டார். நான் சான்றிதழைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையில் என்ன என்று கேட்டார்.

கெஸ்ட் ஹவுஸ் ஹாலில் கிரீம் கலர் கார்ப்பெட். ஊரில் மரம், மாடு, துணிக்கொடி எல்லாமே ஆலைத்தூசியில் சாம்பல் பூத்துக் கிடக்க, கிரீம் கலரில் கார்ப்பெட் வாங்கலாம் என்று முடிவெடுத்த அந்த மகராசன் யாரென்று தெரியவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். அவரால்தான் எனக்குப் பிழைப்பு. மறுநாள் ஹெட் ஆபீசிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு மஞ்சு மேடம் தன் அறைக்குப் போனார்.

கற்றுக்கொண்டதில் ஒன்றையும் விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுக்கு உறை போட்டேன். சோபாக்களை ஓரம்கட்டினேன். நிதானமாக வாக்குவம் போட்டேன். எடுத்த தூசியில் ஒரு படிக்கட்டு கட்டலாம். சோபாவுக்குப் பின்னால் ஒரு மூலையில் சோப்புத் தெளித்துச் சோதித்தேன். நிறம் மாறவில்லை. பார்க்கிறவர்கள் கண்ணில் படுமே என்று மெஷின் உடம்பில் இருந்த குங்குமத்தையும் பட்டைகளையும்கூடத் துணியால் துடைத்தேன். சக்கரத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. மஞ்சளை அழுக்கு என்று நினைத்து எங்களுக்குப் பழக்கம் இல்லை.

சோப்புத் தெளித்த கார்ப்பெட்டின்மேல் மெஷினை ஏற்றி, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சத்தம் சீராக இருந்தது. அழுக்குத் தண்ணீர் கருப்பாக டாங்கில் ஏறுவதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கோடிக்கு வந்து நிமிர்ந்தால், நான் வந்த வழியெல்லாம் ரத்தச் சிவப்பில் இரண்டு கோடுகள். மழை பெய்த செம்மண் பாதையில் லாரி போனால் தடம் விழுமே, அப்படி விழுந்திருந்தது.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்று தெரியாமல் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைகூட வளர்வதில்லை. சோப்பும் சுண்ணாம்பைப் போலக் காரம். கெஸ்ட் ஹவுஸ் கார்ப்பெட்டுக்கு நான் ஆரத்தி எடுத்து முடித்திருந்தேன்.

மெஷின் சத்தம் நின்றதும் மஞ்சு மேடம் வந்தார். கோடுகளைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"எங்கியாச்சும் அடிபட்டிருச்சா?"

இல்லை என்றேன். பொய் சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது உண்மை. கார்ப்பெட் சாயம் போகிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பூஜை போட்ட மஞ்சள் சக்கரத்தில் இருந்தது, நான் துடைக்கவில்லை என்றுதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம் இது இப்படி இருந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று மட்டும் சொன்னார்.

பிரேம்குமாருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் புளிப்பு மருந்தைத் தெளித்தால் சிவப்பு திரும்பவும் மஞ்சளாகிவிடும், அதுவரைக்கும் அடிப்படைக் கோர்ஸ், அந்த மஞ்சளை எடுப்பது அட்வான்ஸ்டு என்றார். அடுத்த வகுப்பு எப்போது என்பதையும் சொன்னார். மருந்தைத் தெளித்தேன். சிவப்புக் கோடுகள் எங்கள் இருவர் கண் முன்னாலேயே மஞ்சள் கோடுகளாக மாறின. முன்னேற்றம்தான்.

மஞ்சு மேடம் குனிந்து பார்த்தார். மஞ்சள் கறை என்றால் வெயிலில் போட்டால் போய்விடுமே என்றார். எனக்கும் அதே நேரத்தில்தான் அது தோன்றியது. தாலிக்கயிறு வெளுப்பதும், குழந்தை சட்டையில் பட்ட மஞ்சள் கொடியில் காய்ந்ததும் காணாமல் போவதும் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். சித்திரை மாதத்து அரியலூர் வெயில் வெளியே சும்மாதான் கிடந்தது.

வெயிலுக்குக் குறைவில்லை, கார்ப்பெட்டைக் கொண்டுபோகத்தான் ஆள் இல்லை. தண்ணீர் குடித்த கார்ப்பெட் ஒற்றை ஆளுக்கு அசையாது. தோட்டக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காவலாளி கேட்டை விட்டு வரக்கூடாதாம். ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. வேறு வழியில்லாமல் வெளியே நடந்தேன். கேட் வரைக்கும் போகும் அந்த நடை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவர் பார்த்துப் பெருமைப்பட வேண்டும் என்று வந்த இடத்தில், அவர் மிதிக்கமாட்டேன் என்ற மண்ணை மிதிக்கக் கூப்பிடப் போகிறேன்.

அப்பா ஸ்டியரிங்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சொன்னேன். மஞ்சள் சக்கரத்திலிருந்து இறங்கி, சோப்புப் பட்டுச் சிவந்து, இப்போது வெயிலில் போட வேண்டும், என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இந்த வேலை வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவர் கண்ணாடி வழியாகக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெறைய வச்சுட்டனா, பாப்பா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

காவலாளியைத் தாண்டும்போது அப்பாவின் நடை கொஞ்சம் தயங்கியது. பிறகு தயங்கவில்லை. வாசலில் செருப்பை விட்டார். கால் உறையை நீட்டினேன். அது எதற்கு என்று கேட்காமல், புதுச் செருப்பு மாட்டுவதைப் போலப் பார்த்துப் பார்த்து மாட்டிக்கொண்டார். ஹாலுக்குள் வந்ததும் மஞ்சு மேடம் இவர் யார் என்று கேட்டார். என் அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"மேடத்துக்கிட்ட வேலை பாக்குறேங்க."

அந்த ஹாலில் அதுவரைக்கும் மேடம் என்று இருந்தது ஒருவர்தான். மஞ்சு மேடம் தன்னிடம் இப்படி ஒருவர் வேலை பார்க்கிறாரா என்று ஒரு கணம் குழம்பினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து கார்ப்பெட்டின் முனையைப் பிடித்துக்கொண்டேன். என் முகம் அப்போது யாருக்கும் தெரியக்கூடாது.

இரண்டு பேருமாகச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்துச் சிமெண்ட் தளத்தில் பாய் விரித்து, அதன்மேல் கார்ப்பெட்டை விரித்தோம். அப்பா தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நிழலுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. காக்கை வந்தால் விரட்டினார். காற்று ஆலைப்பக்கமிருந்து அடித்தால் முகத்தைச் சுளித்தார். தன் அம்மா இந்தப் பக்கத்து வரிசையில்தான் வேலை பார்த்தார் என்று, எந்த வீட்டையும் கை காட்டாமல், ஒரே ஒரு முறை சொன்னார். நான் அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது மஞ்சள் போயிருந்தது. மறுபடி ஒரு முறை வாக்குவம் போட்டு, உள்ளே விரித்து, சோபாக்களை இடத்தில் வைத்தோம். மஞ்சு மேடம் போனில் டார்ச்சைப் போட்டுக் கோடிக்குக் கோடி நடந்து பார்த்தார். கோடு இருந்த இடம் எது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், அடுத்த வாரம் மீட்டிங் ஹாலையும் எடுத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அப்பாதான் சரிங்க என்றார்.

திரும்பும்போது பேரளி தாண்டும் வரைக்கும் அப்பா, பின்னால் மெஷின் கட்டின கயிறு தளர்ந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"அந்த மஞ்சக்கறைக்கு ஒரு கோர்ஸுன்னியே. அதுல வயசானவங்களச் சேத்துக்குவாங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போதே விசாரி என்றார். போன் போட்டேன். பிரேம்குமார் எடுத்தார். அட்வான்ஸ்டு கோர்ஸில் இரண்டு பேருக்கு இடம் வேண்டும் என்றேன். இரண்டாவது ஆள் என்ன செய்கிறார் என்று கேட்டார்.

என்னிடம்தான் வேலை பார்க்கிறார் என்றேன்.